தூன்யாவுக்கு என்ன விலை

காலை ஏழு மணிக்குள் துருக்கி இரண்டு தடவை ஜெயித்துவிட்டது, இத்தாலி ஒரு தடவை. எல்லாம் விதோயேவின் ராஸ்பெரித் தோட்டத்தில், நாலாவது வரிசையில் நடந்தது. வரிசைக்கு இந்தப் பக்கம் ராயிட்சா பறித்துக்கொண்டு போனார், அந்தப் பக்கம் டெசிமிர். இடையில் ஆளுயரத்துக்குக் கம்பியில் கட்டிய செடிகள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பேச்சு மட்டும் இலைகளுக்குள் புகுந்து போய்வந்தது.

ராயிட்சா முப்பத்தோரு வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எந்த வீட்டுக்கு எவ்வளவு பென்ஷன் வருகிறது என்று விரல்நுனியில் வைத்திருந்த மனுஷன், இப்போது உலகத்தில் எந்த வாலிபால்காரிக்கு எவ்வளவு சம்பளம் என்று வைத்திருக்கிறார். டெசிமிர் டவுனில் உள்ள வாலிபால் ஹாலில் தரை துடைக்கிறவர். ஆட்டத்தின் நடுவே ஒருத்தி விழுந்து வியர்வை பட்டால் ஓடிப்போய்த் துடைத்துவிட்டு வருவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஆட்டக்காரிகளை அத்தனை கிட்டத்தில் பார்த்தவன் தன்னைத் தவிர எவனும் இல்லை என்பது அவருடைய கட்சி. ஜூன் கடைசியிலிருந்து ஒரு மாதம் இரண்டு பேரும் இங்கே பழம் பறிக்க வருவார்கள். கூலிக்கு வருகிறார்களா வாதத்துக்கு வருகிறார்களா என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

"துருக்கில கடைசி டீம்ல பெஞ்சு தேய்க்கிற பொண்ணுக்குக் குடுக்கிற காசுக்கு, நம்ம செர்பியா லீக்ல ஒரு டீமையே நடத்தலாம்" என்றார் ராயிட்சா. "எழுதி வெச்சுக்க."

"காசு பெரிசா இருந்தா ஆட்டம் பெரிசா?" என்றது இலைக்கு அந்தப்பக்கம். "அங்க மூணு டீம்தான் டீமு. மிச்சமெல்லாம் எண்ணிக்கைக்கு. இத்தாலில பாரு, கடைசில கெடக்கிறவன் போயி மொதல்ல இருக்கிறவன அடிச்சிட்டு வருவான். அந்த ஊர்ல ஒரு பொண்ணு ஒரு வருஷம் பெஞ்சுல உக்காந்தாலே ஆட்டம் ஏறிடும்."

"பெஞ்சுல உக்காந்தா ஆட்டம் ஏறும்னா எந்தம்பி இந்நேரம் உலக சாம்பியன்" என்றாள் சாவெட்டா. அவள் விதோயேவின் அக்கா. வீட்டு வாசல் பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருப்பதைப் பற்றி அவளுக்குத் தீராத மனக்குறை உண்டு. "இந்த நாட்டுல ஆம்பளைங்க பந்த ஒதச்சுத் தோப்பானுங்க, பொம்பளைங்க பந்த அடிச்சு ஜெயிப்பாளுங்க. சம்பளம் மட்டும் ஒதைக்கிறவனுக்கு. அதப் பேசுங்கய்யா மொதல்ல."

அதை அவர்கள் பேசவில்லை. பேச்சு போய் நிற்கவேண்டிய இடத்தில் போய் நின்றது.

"சரி, நம்ம தூன்யாவையே எடுத்துக்குவோம்" என்றார் ராயிட்சா. "பத்தொம்பது வயசு. நூத்தித் தொண்ணூத்திமூணு சென்டிமீட்டர். இடது கை. துருக்கில கண்ண மூடிட்டு வருஷத்துக்கு இருவதாயிரம் யூரோ."

"இத்தாலில பதினெட்டு. ஆனா ரெண்டு வருஷத்துல அறுவது."

"பதினெட்டா? எடது கைக்காரி எங்க கெடைக்கிறா? அதுக்கே தனியா அஞ்சு போடணும்யா."

அடுத்த வரிசையில் இடுப்பில் வாளியைக் கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்த மிலுங்காவின் காதில் இது விழுந்தது. விதோயே அவள் புருஷன், தூன்யா அவள் மகள். பத்தடி தள்ளி, மேல்கம்பிப் பழங்களை எம்பாமலே பறித்துக்கொண்டு நின்றாள். பட்டப்பகலில், திறந்த வெளியில், ஒரு பிள்ளையின் உயரத்தையும் கையையும் விலையையும் இப்படி ஏலம் போட்டால் அது உருப்படுமா என்று தாய்க்குப் பதறியது.

"வேற பேச்சே இல்லியா அண்ணே?" என்றாள். "நெட்டையா வளந்திருக்கா, அவ்வளவுதான். ஏணி வாங்கக் காசில்லாம இவள வெச்சிருக்கோம். கையி ரெண்டும் கட்ட. ஒரு வாளி பழம் பறிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்."

தூன்யா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வாளி அப்போதே நிறைந்திருந்தது. கொண்டுபோய்த் தட்டில் கொட்டிவிட்டு வந்து அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இவர்கள் ஊர் இருக்கும் மொராவிட்சா ஆற்றங்கரையில் அந்தக் காக்கை வாயைத் திறந்தால் என் குஞ்சு சொத்தை என்றுதான் சொல்லும். கண்ணேறுக்கு அவ்வளவு பயம். வெளியாள் யாராவது பிள்ளை அழகு என்று சொல்லிவிட்டால் த்தூ த்தூ என்று மூன்று தடவை துப்பி, "அழகா? கொரங்கு" என்று பெற்றவளே சொல்லவேண்டும். எல்லாத் தாய்களும் சொல்வதுதான். ஆனால் மிலுங்கா ஒரு பங்கு கூடச் சொல்வாள். அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை தூன்யா. இரண்டு வயதில் ஒரு திருவிழாவில் யாரோ ஒருத்தி குழந்தையின் சுருட்டை முடியைப் புகழ்ந்துவிட்டுப் போனாள். மிலுங்கா அன்றைக்கு அசட்டையாக, ஆமாம் அழகுதான் என்று சொல்லிவிட்டாள். அன்று மாலையே ஜுரம் கண்டது. ஒன்பது நாள் பிள்ளை பிழைக்குமா என்று கிடந்தது. பத்தாம் நாளிலிருந்து மிலுங்கா வாயில் மகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. அதைத் தவிர அவளுக்கு வேறு மருந்தும் தெரியாது, காவலும் தெரியாது.

இந்தக் காவல்தான் போன ஞாயிற்றுக்கிழமை வினையாக வந்து முடிந்ததோ என்று அவளுக்கு இப்போது சந்தேகம்.

டவுன் கிளப்பில் தூன்யாவின் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிந்துவிட்டது. பணம் கொடுத்துவந்த கம்பெனி கையை விரித்ததால் கிளப் அடுத்த வருஷம் இருக்குமா என்பதே கேள்வி. இருக்கும் நல்ல கிளப்புகள் எல்லாம் ஜூலை முதல் வாரத்தில் ஆட்களை முடிவு செய்துவிடும். அதற்குள் யாரும் எடுக்காவிட்டால் தூன்யா குளிர்பதனக் கிடங்கில் பழம் தரம் பிரிக்கப் போகவேண்டியதுதான். ஒரு வருஷம் பந்தைத் தொடாமல் அங்கே நின்றவள் திரும்பி வந்ததாக டெசிமிரின் இருபத்திரண்டு வருஷத்தில் சரித்திரம் இல்லை. இந்த நேரத்தில்தான் ஒரு இத்தாலிய கிளப்புக்காக ஆள் பார்க்கிற மராய்கா என்ற ஹாலந்துக்காரி வீட்டுக்கே வந்தாள். முன்பு இரண்டு வருஷம் இந்த நாட்டில் ஆடியவள். மொழி தெரியும். ஆட்டத்தைப் பார்த்த பிறகு வீட்டையும் பார்ப்பது அவள் வழக்கமாம்.

மிலுங்கா குறை வைக்கவில்லை. முதலில் பாகில் ஊறிய பழம் ஒரு கரண்டி, ஒரு தம்ளர் தண்ணீர். பிறகு புகையில் உலர்த்திய மாட்டிறைச்சி, சூடான ரொட்டிக்குள் பாலாடை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடை, வந்தவள் வேண்டாம் வேண்டாம் என்றும் விடாமல் விதோயே ஊற்றிய பிளம் சாராயம். மராய்கா நன்றாகச் சாப்பிட்டாள். பிறகு சின்ன நோட்டைத் திறந்து, உங்கள் மகள் எப்படி என்று மிலுங்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"அவளா? சோம்பேறி. கன்னுக்குட்டி மாதிரி திம்பா" என்றாள் மிலுங்கா.

"முட்டி எப்படி? குதிக்கிறவர்களுக்கு அதுதான் முக்கியம்."

"முட்டியா? சின்னதுலேருந்தே சரியில்ல. எலும்பே பூஞ்ச."

வந்தவள் நோட்டில் ஏதோ எழுதினாள். மிலுங்காவின் கண் அந்தப் பேனாவிலேயே இருந்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை பெரிய நல்லது வாசல்படி ஏறி வந்திருக்கும் நேரத்தில் குறை சொல்லாமல் வாயைக் கட்டினால்தான் ஆபத்து என்று தோன்ற, "அவளப் போயி யாரு எடுப்பாங்க" என்று வேறு சொல்லிவைத்தாள். பேனா இன்னும் வேகமாக ஓடியது. அப்புறம் தூன்யா போய் அவளைக் கார்வரை கொண்டுவிட்டாள். அங்கே நின்று கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து நாளில் சொல்கிறேன் என்று போனவளிடமிருந்து இன்று வெள்ளிக்கிழமை வரை சத்தமில்லை.

புதன்கிழமை மழை. நனைந்த பழத்தைக் கிடங்கில் வாங்கமாட்டார்கள், பறிக்காமல் விட்டால் மறுநாள் பூசணம் பிடிக்கும். எல்லாரும் கொட்டகையில் முடங்கிக் காபி குடித்துக்கொண்டு வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது ராயிட்சா போனைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"அந்த ஹாலந்துக்காரி பக்கத்து டவுன் உஷிட்சேயில இருக்காளாம். அங்க ஒரு பொண்ணு, நூத்தித் தொண்ணூறு, வலது கை. அவ பயிற்சியப் போயி பாத்திருக்கா. படம் போட்டிருக்கான் பாரு."

"வலது கைய வெச்சு என்ன பண்ணுவாளாம்?" என்றார் டெசிமிர். ஆனால் குரலில் சுரத்தில்லை.

விதோயே கொட்டகை வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிடங்கில் பழம் இறக்கப் போகும்போதெல்லாம் என்னாச்சு இத்தாலி, என்னாச்சு இத்தாலி என்று கேட்கிறார்களாம். இரண்டு நாளாக அவன் டிராக்டரை விட்டு இறங்காமலே திரும்பி வருகிறான்.

தூன்யா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு நல்லா ஆடுவா" என்றாள் நிமிராமல். "எடுத்தா சரிதான்."

அந்தச் சரிதான் மிலுங்காவை என்னவோ செய்தது. மழை விடுவதற்குள் சாவெட்டாவைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"என்னது, முட்டி சரியில்லன்னா சொன்னே?" சாவெட்டா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஏண்டி, நீ சொன்னது நமக்குப் புரியும். சோம்பேறின்னா தங்கம்னு எடுத்துக்குவோம். அவ ஹாலந்துக்காரிடீ. அவங்களுக்கு நாயின்னா நாயி, பூனையின்னா பூனை. எழுதிக்கிட்டுப் போயிட்டாளா?"

"ரெண்டு பக்கம் எழுதினா மதினி."

"போச்சு போ. வாயாவது வாழைப்பழமா இருக்கணும், உன் வாயி வேப்பங்காய்."

அன்றும் மறுநாளும் மிலுங்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மேலே மேகம் கறுத்தால் ஆலங்கட்டி விழுமோ என்று ஊரே அண்ணாந்து பார்த்தது, அவள் மட்டும் பார்க்கவில்லை. போன் அடித்தபோதெல்லாம் வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். பதினேழு வருஷம் எந்தக் கண்ணிலிருந்து காப்பாற்றினாளோ அந்தப் பிள்ளையைத் தன் நாக்காலேயே கவிழ்த்துவிட்டோம் என்ற நினைப்பு பறிக்கும்போதும் சமைக்கும்போதும் கூடவே வந்தது. மகளிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, தன் பிள்ளைக்கு இரண்டு பேரும் விலை போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலையில், அவளுக்குத் தாங்கவில்லை. பத்து மணி வாக்கில் வாளியை அவிழ்த்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மராய்கா விட்டுப்போன சீட்டு குளிர்சாதனப் பெட்டிமேல் இருந்தது. கொட்டகைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

மூன்றாவது மணியில் மராய்கா எடுத்தாள். மிலுங்கா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நான் தூன்யா அம்மா. அன்னிக்கு நான் சொன்னது எல்லாம் பொய்யிம்மா. முட்டி நல்லா இருக்கு. சோம்பேறி இல்ல. எங்க ஊர்ல அப்படித்தான் பேசுவோம். எழுதினத அடிச்சிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. மராய்காவின் பேச்சு பாடப்புத்தகத்தில் படித்ததுபோல நிறுத்தி நிறுத்தி வரும்.

"அம்மா, நீங்கள் சொன்ன எதையும் நான் எழுதவில்லை. இரண்டு வருடம் இங்கே ஆடியிருக்கிறேன். எந்தத் தாயும் தன் பிள்ளை நல்லவள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. உங்கள் அடையில் என்னென்ன இருந்தது என்றுதான் எழுதினேன்."

"அப்ப ஏன் கூப்பிடல?" என்றாள் மிலுங்கா.



"காரருகில் நின்று உங்கள் மகளிடம் கேட்டேன். உன்னிடம் என்ன நன்றாக இருக்கிறது, எதற்காக உன்னை எடுக்கவேண்டும் என்று. எல்லாப் பெண்களிடமும் கேட்பேன். அவள் யோசித்தாள். உயரமாக இருக்கிறேன் என்றாள். வேறு? வேறு ஒன்றும் இல்லை என்றாள். முட்டி எப்படி என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்தே சரியில்லை என்றாள். வைத்தியரின் அறிக்கையில் அந்த முட்டிக்கு ஒன்றுமே இல்லை. யார் சொன்னது என்றேன். அம்மா சொல்வாங்க என்றாள்."

மிலுங்கா போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஐந்தாவது செட், பதினைந்தில் முடியும், ஆளுக்குப் பதின்மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள் யாருக்குக் கொடுப்பாள்? எனக்குக் கொடு என்று நிற்கிறவளுக்கு. உங்கள் மகள் அந்த நேரத்தில் ஓரமாக நகர்ந்து நிற்பாள். கையை வைத்துப் பார்த்தால் உஷிட்சே பெண்ணைவிட இவள் இரண்டு மடங்கு. ஆனால் அந்தப் பெண் தன்னைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள்."

"இன்னும் நேரம் இருக்காம்மா?"

"பதினொரு மணிக்குப் பெயரை அனுப்பவேண்டும். அதற்குள் அவளே கூப்பிட்டுச் சொல்லட்டும். நீங்கள் இல்லை, அவள்."

கொட்டகையிலிருந்து நாலாவது வரிசைக்கு நூறு கஜம் இருக்காது. அந்த நூறு கஜத்தை நடக்க மிலுங்கா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். வாயால் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தவரையில் ஒரு நாள் சொன்ன பேச்சுத்தான் கணக்கு. இப்போது பதினேழு வருஷமும் எழுந்து நின்றது. ஊரார் கண்ணை ஏமாற்றச் சொன்னதெல்லாம் மகள் காதில் மட்டும் அப்படியே போய் உட்கார்ந்திருக்கிறது. நடுவழியில் நின்று அழுதாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த முன்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

வரிசையில் இப்போது போலந்து வந்திருந்தது.

"போலந்துல குளிருக்குன்னே தனியா ஆயிரம் குடுக்கணும்" என்று ராயிட்சா சொல்லிக்கொண்டிருந்தார்.

"தூன்யா" என்றாள் மிலுங்கா. "வாளிய எறக்கி வெச்சுட்டு இங்க வா."

அவள் குரலில் என்ன இருந்ததோ, இலைகளுக்கு இரண்டு பக்கமும் பேச்சு நின்றது. தூன்யா வந்து தாய்க்கு முன்னால் குனிந்து நின்றாள். அவ்வளவு உயரத்துக்கு எப்போதும் கொஞ்சம் கூனித்தான் நிற்பாள்.

"நான் சொன்னதெல்லாம் பொய்யிடி."

"எதம்மா?"

"எல்லாம். சின்னதுலேருந்து ஒன்னப் பத்திச் சொன்னதெல்லாம்."

தூன்யா புரியாமல் பார்த்தாள்.

"முட்டி நல்லாத்தான் இருக்கு. கை கட்ட இல்ல. சோம்பேறி இல்ல. கண்ணு பட்டுருமோன்னு பயந்து சொன்னேன். ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். எல்லா அம்மாவும் சொல்றதுதானேன்னு நெனச்சேன்."

"நான் நெசம்னுதாம்மா நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் தூன்யா.

சாதாரணமாகத்தான் சொன்னாள், குறை சொல்கிற தொனிகூட இல்லை. அதுதான் மிலுங்காவைக் குத்தியது. ராயிட்சா தொப்பியைக் கழற்றினார், எதற்கு என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

"கேட்டுக்க" என்றாள் மிலுங்கா. "மணி பத்தரை ஆவுது. பதினொண்ணுக்குள்ள நீயே அந்த ஹாலந்துக்காரியக் கூப்பிட்டு ஒன்னப் பத்திச் சொல்லணும். சொல்றத நல்லாக் கேட்டுக்க. டிசம்பர்ல சபாட்ஸ் டவுன்காரிங்களோட ஆடினப்ப இருவத்தேழு பாயிண்டு எடுத்தே. அம்பது பந்து ஒனக்கு வந்துச்சு, வெளிய போனது நாலு. மார்ச்சுல ரெண்டு செட்டு தோத்துட்டு நின்னப்ப நீ ஒருத்திதான் தலையத் தொங்கப் போடல. நீ பிளாக்குக்கு எழும்புறப்ப அந்தப் பக்கம் அடிக்க வர்றவ கண்ண மூடிக்கிறா, நான் பாத்திருக்கேன். விழுந்தவள நீதான் மொத ஆளாப் போயித் தூக்கி விடுவே. எடது கையில அந்தக் கோட்டோரமா நீ அடிக்கிற அடி இருக்கே, அத எடுக்க இந்த லீக்ல ஆளு கெடயாது."

ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தலை நிமிராமல் காலுறை பின்னிக்கொண்டிருப்பவள் இவள்தானா என்று டெசிமிர் செடிகளை விலக்கிக்கொண்டு பார்த்தார்.

"அம்பது இல்ல, அம்பத்திரெண்டு பந்து" என்றார் மெதுவாக. "மத்ததெல்லாம் சரி."

ஒவ்வொரு வார்த்தையும் மகளின் தலையில் கல்லைத் தூக்கி வைப்பதுபோலத்தான் மிலுங்காவுக்கு இருந்தது. இருந்தும் நிறுத்தவில்லை.

"சம்பளம் கேட்டா வாய மூடிட்டு நிக்காத. முப்பது கேட்டாலும் தகும்."

"முப்பதா?" என்றார் ராயிட்சா. "அம்மாடி, இந்த வயசுக்கு இத்தாலில..."

"அண்ணே, நீங்க பேசாம இருங்க" என்றாள் மிலுங்கா.

தூன்யாவின் கையெல்லாம் பழச்சாறு. போனை ஒரு தட்டின்மேல் வைத்து, சத்தத்தைப் பெரிதாக்கி, மணிக்கட்டால் அழுத்தினாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். விதோயே தூரத்தில் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தான். சாவெட்டா அவனைப் பார்த்து வாய்மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

"சொல்" என்றது போன்.

"நான் தூன்யா. அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு..." நிறுத்தினாள். "மன்னிக்கணும். நான் சும்மா..."

அவள் தோள்கள் மறுபடி கூனின. பத்து மணி நாற்பது. மிலுங்கா வாயைத் திறக்கப்போனாள். நீங்கள் இல்லை, அவள் என்று கேட்டது நினைவுக்கு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாழ்நாளில் அவள் மகளுக்காகச் செய்த கஷ்டமான வேலை அந்த அரை நிமிஷம் பேசாமல் நின்றதுதான்.

"நான் நல்லா அடிப்பேன்" என்றாள் தூன்யா. தானே சொன்னது தனக்கே வினோதமாக இருந்ததுபோல ஒரு கணம் காத்திருந்தாள். "கோட்டோரமா நான் அடிக்கிறத எடுக்கறது கஷ்டம். டிசம்பர்ல இருவத்தேழு எடுத்தேன். முட்டிக்கு ஒண்ணுமில்ல. அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேன், எனக்கே தெரியாம இருந்துச்சு."

"உன் ஆட்டத்தில் எது மோசம்?"

மிலுங்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சர்வீஸ்" என்றாள் தூன்யா. "கை கீழ எறங்கிடுது. அக்டோபருக்குள்ள சரி பண்ணிடுவேன். மத்தது எதுவும் மோசமில்ல."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் வந்தது.

"எவ்வளவு எதிர்பார்க்கிறாய்?"

ஒரு வாரமாக மூச்சுவிடாமல் விலை பேசிய வரிசை அது. ஒருவர் வாயிலும் சத்தம் வரவில்லை. ராயிட்சா இரண்டு விரலைக் காட்டினார். டெசிமிர் கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார், கூடவா குறைச்சலா என்று யாருக்கும் விளங்கவில்லை. மிலுங்கா மூன்று விரலை மார்புக்கு நேராகப் பிடித்தாள்.

தூன்யா அந்தக் கைகளையெல்லாம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். அவள் முழுசாக நிமிர்ந்தால் மேல்கம்பிக்கு மேலே முகம் போய்விடும், அன்று போயிற்று.

"முப்பத்தஞ்சு" என்றாள்.

சாவெட்டாவுக்கு இருமல் வந்துவிட்டது.

"அவ்வளவு கிடைக்காது" என்றது போன். "பத்தொன்பது வயதில் யாரும் கேட்கவும் மாட்டார்கள்." மறுபடி தாள் புரண்டது. "நாளை காலை ஒன்பது மணிக்குப் பெல்கிரேடு வா. கிளப்பின் ஆள் இருப்பார். ஷூவைக் கொண்டுவா. உன் பெயரை இப்போது அனுப்புகிறேன்."

போன் அணைந்தது. விதோயே அப்போதுதான் வந்து சேர்ந்தான். என்ன, என்ன என்று கேட்டான். எல்லாரும் ஒரே சமயத்தில் சொன்னதில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் பாட்டுக்கு மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கூச்சலுக்கு நடுவே ராயிட்சா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இருபத்தெட்டில் முடியும், அதற்கு மேலே போகாது. டெசிமிர் இருபத்தாறு என்றார். இரண்டு பேரும் வரிசைக்கு இரண்டு பக்கமும் போய்விட்டார்கள்.

மிலுங்கா வாளியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். முதல் நாலைந்து பழம் விரலிலேயே நசுங்கிப் போயிற்று. நாளைக்குப் பெல்கிரேடு போகும் பஸ் கவிழ்ந்தால், நாளைக்குக் குதித்து இறங்கும்போது அந்த நல்ல முட்டி மடங்கினால், இன்று காலை இத்தனை பேர் முன்னால் தான் வாயைத் திறந்ததுதான் காரணம் என்ற நினைப்பு சாகிறவரை இருக்கும். அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"நான் முப்பதுன்னேன்" என்றாள் பக்கத்துச் செடியில் பறித்துக்கொண்டிருந்த சாவெட்டாவிடம். "எம்பொண்ணு முப்பத்தஞ்சு கேட்டா மதினி."

"மெதுவாப் பேசுடீ" என்றாள் சாவெட்டா, சுற்றுமுற்றும் பார்த்து. "யாரு காதுலயாச்சும் விழப்போவுது."

"விழட்டும்" என்றாள் மிலுங்கா. இன்னொரு தடவை, வரிசைக் கோடியில் நிற்கிற மகளுக்கும் கேட்கிறமாதிரி, கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.